சும்மா கிடக்கிற நிலம்

மகனே,

போன வெள்ளிக்கிழமை போனில் நீ கத்தியது எல்லாமே எனக்குக் கேட்டது. "நீயெல்லாம் ஒரு அப்பனா? எதிரிகூட இப்படிப் பண்ண மாட்டான்" என்றாய். இத்தனை வருஷத்தில் நீ என்னிடம் 'ங்க' போடாமல் பேசியது அதுதான் முதல் தடவை. நான் வாயைத் திறப்பதற்குள் கட் பண்ணிவிட்டாய். அதற்கப்புறம் கூப்பிட்டால் எடுப்பதில்லை. சரி, எதிரி என்றே வைத்துக்கொள். எதிரி எழுதுகிற கடிதத்தையாவது முழுசாகப் படி. இதை உனக்கு மட்டும் எழுதவில்லை. யார் கேட்டாலும் படிக்கக் கொடுப்பேன். இந்த மலையிலிருந்து உன்னைப் போல வெளிநாட்டுக்குப் போனவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுடைய அப்பன்மார்களும் படிக்கட்டும். நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் உன் கம்பெனிக்காரர்களிடம் நீ சொல்லியிருக்கிற கதையில் நான் வயசாகிப் புத்தி பிசகிய கிழவன். என் புத்தி பிசகியது இப்போது இல்லை. அது எப்போது என்பதையும் சொல்கிறேன்.

ஒரு மாசத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் களத்தில் காப்பிக்கொட்டையைக் கிளறிக்கொண்டிருந்தபோது வீடியோவில் கூப்பிட்டாய். நீ ஒரு மேட்டின் மேல் நின்றிருந்தாய். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, கையில் சுருட்டிய வரைபடம். செல்லை அப்படியே சுற்றிக் காட்டினாய். "பாருங்கப்பா, கண்ணுக்கு எட்டற மட்டும் சும்மா கெடக்குது. ஒரு ஆளு இல்ல. இது அத்தனையும் நம்ம கம்பெனிக்கு வரப்போவுது. பூராவும் பட்டர் புரூட் வெக்கப்போறோம்" என்றாய். நீ பேசிக்கொண்டிருக்கும்போதே உனக்குப் பின்னால் ஒரு பெண் போனாள். முதுகில் குழந்தையைத் துணியால் கட்டியிருந்தாள், தோளில் மண்வெட்டி. அவள் நடந்துபோன தடம் வெள்ளையாகத் தேய்ந்து, மேட்டைச் சுற்றிக்கொண்டு இறங்கியது. "அது யாருடா?" என்று கேட்டேன். திரும்பிப் பார்த்துவிட்டு, "அவங்க சும்மா நடந்து போறாங்கப்பா" என்றாய். "ஆளே இல்லாத காட்டுல தடம் எப்படிடா தேஞ்சுது?" என்று கேட்டேன். சிரித்தாய். "நீங்க இன்னும் நம்ம ஊரு செம்மநத்தத்துலயே இருக்கீங்கப்பா. இது ஆப்பிரிக்கா. இவங்களுக்கு வெவசாயமே தெரியாது. நொம்ப சோம்பேறிங்க" என்றாய். அந்த வார்த்தையை நான் வேறொரு வாயில் கேட்டிருக்கிறேன். நான் எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கணக்குப் பார்க்கிற பெரிய ரைட்டர் நம் சனத்தைப் பற்றித் தினமும் அதைத்தான் சொல்வார். "மலைக்காரனுக்கு வேலை தெரியாது, பாறை மேல படுத்துத் தூங்கத்தான் தெரியும்" என்பார். நானும் மலைக்காரன்தான். பக்கத்தில் நின்று சிரித்தேன். நீ சிரித்தபோது எனக்கு அந்தச் சிரிப்பு தெரிந்தது.

அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தாய். அந்த நாட்டில் ஊரே கூடிச் சம்மதித்தால்தான் ஊர் நிலத்தைக் கொடுக்க முடியும், அந்தக் கூட்டத்தில் போட்டுக் காட்ட என்னுடைய பேச்சு ரெண்டு நிமிஷம் வேண்டும் என்றாய். "நீங்க மலைசனம். உங்க மூஞ்சியப் பார்த்தாலே நம்புவாங்க. எங்க மலைக்கு எஸ்டேட் வந்துச்சு, அதுல ரோடு வந்துச்சு, பள்ளிக்கூடம் வந்துச்சு, நாங்க நல்லா இருக்கறோம்னு நம்ம பேச்சுலயே சொல்லுங்க. கோமணம் கட்டச் சொல்லல, வேட்டி போதும்." கடைசி வரியை வேடிக்கையாகத்தான் சொன்னாய். நான் பார்க்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன். காப்பியைக் கிளறவே முடியவில்லை.

மறுநாள் ஏற்காட்டுக்குப் போய் பஷீர் பாய் கடையில் உட்கார்ந்திருந்தேன். அவர் மகள் நஸீமா பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் டீச்சர். சாயங்காலம் கடைக்கு வந்தாள். "ஏம்மா, ஆப்பிரிக்கான்னா என்ன ஊரும்மா அது?" என்று கேட்டேன். "அது ஊரு இல்லீங்க மாமா, கண்டம். அம்பத்து நாலு நாடு" என்று சொல்லிவிட்டு, பள்ளிக்கூடத்து வரைபடத்தைக் கொண்டுவந்து நிலக்கடலை மூட்டையின் மேல் விரித்தாள். நீ இருக்கிற நாடு எது என்று கேட்டாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மூன்று வருஷமாக நீ ஒரு தடவைகூட நாட்டின் பெயரைச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. பஷீர் பாய் உன் பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டை ஞாபகம் வைத்திருந்து, தான்சானியா என்றார். நஸீமா விரலை வைத்துக் காட்டினாள். மேலே வடக்கில் நம் நாட்டைப் போல ரெண்டு மூன்றைத் தூக்கிப் போடுகிற அளவுக்கு மணல். நடுவில் மழைக்காடு. கிழக்கே நம் சேர்வராயன் மலையைவிட உயரமான மேட்டு நிலங்கள், வெயில் நாட்டுக்கு நடுவில் உச்சியில் பனி படிந்த மலை. அத்தனை மொழி, அத்தனை சனம். அதை எல்லாம் சேர்த்து ஒரே வார்த்தையில் சோம்பேறி என்று சுருட்டிவிட்டாயே, எத்தனை பெரிய கண்டத்தை எத்தனை சின்ன வாயால்.

நஸீமா இன்னும் சொன்னாள். உலகம் தின்னும் சாக்லேட்டுக்குக் கொக்கோ பெரும்பாலும் அந்தக் கண்டத்தின் மேற்குக் கரையில்தான் விளைகிறதாம். காய் பறிக்கிறவர்களில் பலர் சாக்லேட்டை வாயில் வைத்ததில்லையாம். செல்போன் பேட்டரிக்குள் போகிற கோபால்ட்டைக் காங்கோவில் தோண்டுகிறார்களாம், தோண்டுகிறவர்கள் வீடு பலவற்றில் கரண்டு கிடையாதாம். பஷீர் பாய் அதற்கு, "நம்ம மலையில பாக்சைட் மண்ணை வெட்டி லாரி லாரியா எறக்குனாங்களே, அதுல என்ன செஞ்சாங்கன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?" என்று என்னைக் கேட்டார். தெரியாது. அப்புறம் நஸீமா ஒன்று கேட்டாள். "ஏனுங்க மாமா, நீங்க தெனமும் திங்கற களி எந்த ஊரு தானியம்னு நெனச்சீங்க?" நம்முடையது என்றேன். இல்லையாம். கேவுரை முதல்முதலாகக் காட்டுப் புல்லிலிருந்து எடுத்துப் பயிராக்கியது எத்தியோப்பியா, உகாண்டாப் பக்கத்து மேட்டு நிலத்து ஆட்கள்தானாம். ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் கடல் தாண்டி இங்கே வந்திருக்கிறது. காப்பியும் எத்தியோப்பியாவில் இருந்து கிளம்பியதுதானாம். அப்படியானால் நம் வயிற்றில் போவதும் அவர்கள் வெள்ளாமை, நம் களத்தில் காய்வதும் அவர்கள் வெள்ளாமை. அந்தச் சனத்துக்கா விவசாயம் தெரியாது? விவசாயக் கல்லூரியில் உனக்கு என்னதான் சொல்லிக்கொடுத்தார்கள்?

இதுவரைக்கும் உன்மேல் கோபமாக எழுதினேன். கோபம் இன்னும் இருக்கிறது. ஆனால் இனி சொல்லப்போவது உன்னைப் பற்றி இல்லை. உன் அம்மாவுக்குத் தெரியும். உனக்குத் தெரியாது. உனக்குத் தெரியக்கூடாது என்று நான் பார்த்துக்கொண்டேன்.

எனக்கு இருபத்தி நாலு வயசு. கல்யாணமாகி ரெண்டு வருஷம். எஸ்டேட்டில் சின்ன ரைட்டர் ஆவதற்குக் காத்துக்கொண்டிருந்தேன். அதற்கு ஒரு குவார்ட்டர்ஸ் வீடும் உண்டு. எஸ்டேட் எல்லைக்கு மேலே ஒரு மேடு. அதில் உன் அம்மாவின் அண்ணன் வெள்ளையன் கேவுரும் சாமையும் போடுவார். அவருடைய அப்பனும் போட்டார். மூன்று வருஷம் விதைத்துவிட்டு, நாலைந்து வருஷம் கரம்பாக விட்டுவிடுவார்கள், மண்ணுக்குக் களைப்பு ஆறட்டும் என்று. காகிதம் எதுவும் கிடையாது. சர்வே ஆட்கள் வந்த வருஷம் அந்த மேடு கரம்பாகக் கிடந்தது. புல் இடுப்பு உயரம். பெரிய ரைட்டர் என்னைக் கூப்பிட்டு, "நீ உள்ளூர்க்காரன். இதுல யாராச்சும் வெள்ளாமை பண்றாங்களா?" என்று கேட்டார். என் காலடியில் வெள்ளையன் அடுக்கிய கல் வரப்பு இருந்தது. அந்தக் கல்லில் சிலதை நானே தூக்கிக் கொடுத்திருக்கிறேன். "இல்லீங்க, சும்மாதானுங்க கெடக்குது" என்றேன். சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன். யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. கேட்டார்கள், சொன்னேன், அவ்வளவுதான்.

அடுத்த ரெண்டாவது வருஷம் வெள்ளையன் ஏரும் விதையுமாக மேட்டுக்குப் போனார். காப்பிக்கு நிழல் தர வரிசையாகச் சில்வர் ஓக் கன்று நட்டிருந்தது, சுற்றிலும் கம்பி வேலி. ஏரை அங்கேயே போட்டுவிட்டு நேராக என் குவார்ட்டர்ஸ் வாசலுக்கு வந்தார். "ஏனுங்க மாப்பிள்ள, அது கரம்புன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?" என்று கேட்டார். உன் அம்மா உள்ளே அடுப்படியில் இருந்தாள். "காயிதத்துல இல்லீங்களே மச்சான், நான் என்ன பண்ணட்டும்?" என்றேன். அவர், "உங்க வாயில இருந்துச்சேங்க" என்று மட்டும் சொன்னார். அந்த மாசமே குடும்பத்தோடு குப்பனூருக்கு இறங்கிவிட்டார். மலையில் சொந்தமாக விதைத்த மனுஷன் கீழே கல் உடைத்தார், லோடு ஏற்றினார், அப்புறம் யாருடைய தென்னந்தோப்புக்கோ காவல் இருந்தார். உன் அம்மா என்னோடு பேசாமல் இருக்கவில்லை. சோறு போட்டாள், உன்னைப் பெற்றாள். ஆனால் வருஷத்துக்கு ஒரு நாள் காலை பஸ்ஸுக்குக் குப்பனூர் போவாள், தனியாக. என்னை வா என்று கூப்பிட்டதில்லை. போகட்டுமா என்று கேட்டதும் இல்லை.

உனக்குக் காது குத்தியபோது மாமன் மடி இல்லாமல், தூரத்து உறவில் ஒருவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தோம். ஏன் என்று நீ பெரியவனான பிறகு கேட்டாய். உன் மாமன் குடிகாரன், சண்டைக்காரன், ஊரோடு ஒத்துப்போகாதவன் என்று சொன்னேன். அவர் வாழ்க்கையில் குடித்ததே இல்லை. உன் அம்மா செத்தபோது பிறந்த வீட்டுக் கோடிச் சேலை கொண்டுவந்து போர்த்திவிட்டு, யாரிடமும் பேசாமல் இறங்கிப் போனாரே, அவரைப் பார்த்து நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அந்த முகத்தை அப்படித் திருப்பக் கற்றுக்கொடுத்தவன் நான். இன்னொன்றும் கேட்டுக்கொள். நீ படித்த பள்ளிக்கூடம், காலேஜ், விமானத்துக்கு எடுத்த டிக்கெட் எல்லாம் அந்த ரைட்டர் வேலையில் வந்தது. எஸ்டேட் வந்ததால் நாம் நன்றாக இருக்கிறோம் என்று சொல்லச் சொன்னாயே, அது பொய் இல்லை. நான் நன்றாக இருக்கிறேன், நீ நன்றாக இருக்கிறாய். 'நாம்' என்பதில் யார் யாரை விட்டுவிட்டோம் என்பதுதான் அந்த ரெண்டு நிமிஷத்தில் இருக்காது.

ரெண்டு வாரம் நீ நாலைந்து தடவை நினைவூட்டினாய். பேசவேண்டியதை எழுதியே அனுப்பினாய். மூன்றாவது வாரம் நான் குப்பனூர் பஸ் ஏறினேன். தோப்பில் வெள்ளையன் தென்னமட்டை கிழித்துக்கொண்டிருந்தார். முடியெல்லாம் வெளுத்துவிட்டது, கை மட்டும் அதே கை. என்னைப் பார்த்து 'வாங்க' என்று சொல்லவில்லை. நம் சனத்தில் அது அறைவதற்குச் சமம் என்று உனக்குத் தெரியும்.

"என்னுங்க மாப்பிள்ள, வழி தப்பி வந்துட்டீங்களா?"

"இல்லீங்க மச்சான். ஒண்ணு சொல்லிப்போடோணும்னு வந்தேன்."

நின்றபடியே சொன்னேன். கரம்பு என்று தெரிந்தே சொன்னதையும், குவார்ட்டர்ஸுக்காகச் சொன்னதையும், கையெழுத்தையும். அவர் மட்டையைக் கிழிப்பதை நிறுத்தவே இல்லை.

"இது எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க? சர்வேக்காரங்களோட நீங்க நின்னதை ஊரே பாத்துச்சு. இப்ப எதுக்குங்க வந்து சொல்றீங்க? உங்க மனசு லேசாகறதுக்கா?"

"ஆமாங்க" என்றேன். அங்கே நின்றுகொண்டு இன்னொரு பொய் சொல்லத் துணிவு வரவில்லை.

"ஆவட்டும். உங்களுக்கு லேசாயிருச்சு. எனக்கு?"

திரும்பிப் போகவும் கால் வராமல், உன்னைப் பற்றிச் சொன்னேன். அந்த மேடு, அந்தப் பெண், ஊர்க் கூட்டம், நீ கேட்ட ரெண்டு நிமிஷம், எல்லாம் சொன்னேன். அப்போதுதான் கையை நிறுத்தினார். சிரித்தார். "அப்பன் ஒரு மேட்டைக் காட்டிக் குடுத்தான். மவன் கடல் தாண்டிப் போயிக் காட்டிக் குடுக்கறான். நல்ல வளர்ப்புங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தச் செல்லை எடுங்க. அந்தச் சனத்துக்கிட்ட நானு பேசறேன். நீங்க குறுக்க பேசாதீங்க" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றார். நான் வீடியோ எடுத்தேன். அவர் பேசியதை நீ பார்த்திருப்பாய், ஆனால் பாதியிலேயே ஆத்திரம் வந்திருக்கும் உனக்கு. அதனால் எழுதுகிறேன்.

"நானு மலைக்காரனுங்க. கேவுரு, சாமை வெதச்சவன். எங்க நெலம் கரம்பா இருந்த வருசத்துல வந்து அளந்தாங்க. சும்மா கெடக்குதுன்னு எழுதிக்கிட்டாங்க. சும்மா கெடக்கலீங்க, மூச்சு வாங்கிட்டு இருந்துச்சு. உங்க ஊருக்கு அளக்கறவங்க வந்தா, எது எது கரம்பு, அது யாரு காடு, மறுக்கா எந்த வருசம் வெதைப்பீங்கன்னு ஊரே கூடி மொதல்ல சொல்லிப்போடுங்க. அவங்க எழுதறதுக்கு முன்னால சொல்லிப்போடுங்க. வேலை குடுக்கறோம்பாங்க. குடுப்பாங்க. உங்க மண்ணுல உங்களுக்கே கூலி குடுப்பாங்க. அப்பறம் உங்க இஷ்டமுங்க."

நஸீமா அதை இங்கிலீஷில் எழுதிக்கொடுத்தாள். போன வருஷம் உன் செல் கெட்டுப்போனபோது உன் டிரைவர் ஜுமாவின் செல்லிலிருந்து என்னைக் கூப்பிட்டாயே, அந்த நம்பர் என்னிடம் இருந்தது. வீடியோவோடு சேர்த்து அதற்கு அனுப்பினேன். உனக்கு அனுப்பவில்லை, அனுப்பியிருந்தால் அது உன்னோடு நின்றிருக்கும். ஜுமா அதை அவர்கள் மொழிக்கு மாற்றிக் கூட்டத்தில் போட்டுக் காட்டினார். ஊர் சம்மதம் தரவில்லை, முதலில் எங்கள் கரம்பை எல்லாம் நாங்களே அளந்து எழுதுகிறோம், அப்புறம் பேசுவோம் என்று எழுந்துவிட்டார்கள். உன் மேனேஜர் உன்னைக் கேட்டார். நீ என்னைக் கேட்டாய்.

நீ கத்தியதில் ஒன்றே ஒன்றுதான் என்னைத் தைத்தது. ஜுமாவை வேலையைவிட்டு நிறுத்திவிட்டோம் என்றாய். மூன்று பிள்ளைக்காரர், உன்னைவிட மூத்தவர், நீ அவரை 'டிரைவர் பையன்' என்றுதான் சொல்வாய். நான் அதை யோசிக்கவில்லை. மறுபடியும் இன்னொருவர் பிழைப்பில் கை வைத்துவிட்டேன், இந்தத் தடவை நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு. மறுநாள் காலையில் பஷீர் பாய் கடைக்கு ஓடி, நஸீமாவை வைத்து அவரைக் கூப்பிட்டேன். மன்னிப்புக் கேட்கச் சொன்னேன். நஸீமா இங்கிலீஷில் சொன்னாள். பிறகு அவர் பேசினார், நஸீமா எனக்குச் சொன்னாள். "நீங்க அனுப்பினீங்க. காட்டலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணுனது நான். எங்கம்மா வெதைக்கிற காடு அதுலதான் இருக்குது. இந்த வருசம் கரம்பு."

"அது என் மவனுக்குத் தெரியாதுங்களா?" என்று கேட்கச் சொன்னேன்.

"அவர் கேட்டதே இல்ல" என்றார்.

மூன்று வருஷம் உன் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து வண்டி ஓட்டியவர். அவர் அம்மாவின் காட்டுக்கு நடுவில் வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கி நின்று, ஒரு ஆளில்லை என்று எனக்குக் காட்டியிருக்கிறாய். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

உன் வேலை போகுமா என்று எனக்குத் தெரியாது. போனால் வீடு இருக்கிறது, காப்பி இருக்கிறது, வந்து பறி. அதற்கு முன்னால் ஜுமாவுக்கு வேலையைத் திரும்ப வாங்கிக் கொடு. அது முடியாவிட்டால் அவர் வீட்டுக்கு நடந்துபோய் அதை அவர் முகத்துக்கு நேராகச் சொல். ஜுமாவின் அம்மா பெயரை நான் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். உனக்குச் சொல்ல மாட்டேன். நீயே போய்க் கேள்.

உன் அப்பா